கைகள் முதுகுக்குப் பின்னால்

ஜனவரி 10

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய டீச்சரம்மா அவர்களுக்கு,

உன் வீட்டுக்காரன் வணக்கம் போட்டு எழுதுவது. உட்கார்ந்து படி. என் எழுத்தை நின்றபடி படித்தால் தலை சுற்றும்.

மாசா மாசம் வீட்டுக்குக் கையால் கடிதம் எழுத வேண்டும் என்று உங்கள் கல்லூரியில் ஒரு பாடமே வைத்திருக்கிறார்களாமே. பிள்ளைகள் பார்த்து எழுதுகிற மாதிரி எழுத்து உருண்டு வரவேண்டுமாம். சரி, எழுதினால் உனக்கு மார்க். பதில் போடுகிற எனக்கு என்ன? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவனைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருகிறார்கள், அதிலும் பின்னால் நிற்பவள் உன் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அதனால் போகட்டும் என்று எழுதுகிறேன்.

மாடிவீட்டு விசில் அண்ணன் உன்னைக் கேட்டார். கண்டக்டர் வேலை முடிந்து இத்தனை வருஷமாகியும் படி இறங்கும்போது மனிதருக்கு வாயில் விசில் வந்துவிடுகிறது. "பொண்டாட்டி ஹாஸ்டலுக்குப் போயிட்டா, நிம்மதியா இருக்கியாப்பா?" என்றார். "எங்கண்ணே, ரேடியோ ரிப்பேரான வீடு மாதிரி இருக்கு" என்றேன். கோபிக்காதே, நல்ல ரேடியோ என்றுதான் சொன்னேன்.

இந்தப் படிப்பு முடிந்தால், இத்தனை வருஷம் நீ பெருக்கித் துடைத்த பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குள் நாற்காலி போட்டு உட்காரப் போகிறாய். அந்த நாற்காலியைத் துடைக்க ஆள் வேண்டுமென்றால் சொல், வருகிறேன். இந்த மாசம் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் வேலை கிடைத்திருக்கிறது. நல்ல பெரிய சுவர்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு பாஸ் (உன் வீட்டுக்காரன்)


ஜனவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நலம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அது முழு உண்மை இல்லை.

எனக்கு ஒரு குழந்தையைக் கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், பாடத்துக்குத்தான். ஐந்து வயதுப் பையன். ஏட்டில் பெயர் எழுதக் கூடாது என்பதால் தும்பி என்று வைத்திருக்கிறேன். பருவம் முழுக்க அவனைப் பார்க்க வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "பென்சிலை எறிந்தான்" என்று எழுதலாம், "கோபக்காரன்" என்று எழுதக் கூடாது.

அது எனக்கு வந்துவிட்டது. இன்னொன்றுதான் வரமாட்டேன் என்கிறது. குழந்தை தானே செய்யக்கூடிய வேலையில் வகுப்பு உதவியாளர் கை வைக்கக் கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தும்பி சட்டைப் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தான். என்னைக் கேட்காமலே என் கை போய்ப் போட்டுவிட்டது. மேடம் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும். "நீங்க அவனுக்கு உதவி செய்யலைம்மா, அவன் வேலையைப் பிடுங்கிட்டீங்க" என்றார். கூட இருக்கிற பெண்களுக்கு இருபது வயதுதான். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் பதினான்கு செய்முறைத் தேர்வு. அன்றைக்குக் கை வைத்தால் பெயில். நடுவில் லீவு போட்டாலும் தேர்வு எழுத விடமாட்டார்கள். சான்றிதழோடு ஜூனில் வந்தால்தான் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சொன்னதும் தெரியும்தானே. கனவில்கூடப் பட்டன் வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஏணியில் நிற்கும்போது பாட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 8

டீச்சரம்மா,

பட்டனுக்குப் பயந்த முதல் ஆள் நீதான். நான் பட்டனையே ஒழித்துவிட்டேன். இப்போதெல்லாம் தலை வழியாகப் போடுகிற பனியன்தான். காலரும் இல்லை, பட்டனும் இல்லை. கல்லூரிப் பையன் மாதிரி இருப்பதாக விசில் அண்ணன் சொல்கிறார். அவருக்குக் கண் சரியில்லை.

இரண்டு ஞாயிறாகப் போன் எடுக்கவில்லை என்று திட்டியிருப்பாய். போன் ஏணியிலிருந்து, முதல் பூச்சுக்குக் கலக்கி வைத்த பிரைமர் வாளிக்குள் விழுந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறது. வேலையும் நின்றிருக்கிறது. முதலாளிக்கு நீலம் வேண்டுமாம், முதலாளியம்மாவுக்குச் சந்தனக் கலர். அவர்கள் சமாதானமாகிறவரை எனக்கு ஓய்வு.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, மேலேயிருந்து வந்துவிடுகிறது. நீ அங்கே நாகரிகம் பழகும்போது நான் மட்டும் பின்தங்கலாமா? நானும் ஸ்பூனில் சாப்பிடுகிறேன். நேற்று விசில் அண்ணன் எனக்குச் சவரம்கூடச் செய்துவிட்டார். ஓய்வு பெற்ற மனிதர், பொழுது போக வேண்டாமா? மீசையில் ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது. நீ வருவதற்குள் வளர்ந்துவிடும்.

எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பேனாவைத் திட்டு. நீ படி. இங்கே ஒன்றுமில்லை.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 19

உங்களுக்கு,

பாடத்தில் சொன்னபடி, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்பூனில் சாப்பிடுகிறார். பட்டன் இல்லாத துணி போடுகிறார். யாரையும் தொடவிடாத மீசையை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எழுதின வரியின் மேலேயே கை தேய்ந்து மை கலைந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இடது கையால் எழுதுகிற பெண்ணின் ஏடு இப்படித்தான் இருக்கும். போன் ஏணியிலிருந்து விழுந்தது என்கிறார். அவர் போன் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். போன் விழுந்தபோது சட்டை எங்கே இருந்தது? சட்டைக்குள் இருந்தவர் எங்கே இருந்தார்?

இதற்கு மேல் எழுதக் கூடாது என்பது பாடம். மீதியை நீங்கள் எழுதுங்கள்.

பையில் துணியை எடுத்து வைத்துவிட்டேன். பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பயத்தில் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். தெரிந்தால் நான் பாதியில் ஓடி வந்துவிடுவேன் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள், இல்லையா? நான் தும்பிக்குச் செய்ததைத்தான் நீங்கள் எனக்குச் செய்திருக்கிறீர்கள். எனக்குப் பட்டன் போட்டுவிட்டிருக்கிறீர்கள். வருவதா, இருப்பதா என்பது என் வேலை. அதைப் பிடுங்காதீர்கள்.

நடந்ததை எழுதுங்கள். இந்த ஒரு தடவை சிரிப்பு வேண்டாம்.

நான்


பிப்ரவரி 25

உனக்கு,

சிரிக்காமல் எழுதுகிறேன். இடது கைதான். நீ சொன்னது சரி.

போன மாசக் கடைசியில் விழுந்தேன். தரையில் தார்ப்பாய் விரித்திருந்தோம், அதில் தண்ணீர் கிடந்திருக்கிறது. ஏணியின் கால் வழுக்கியது. முதல் மாடி ஜன்னல் உயரம் இருக்கும். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. உள்ளே தகடு வைத்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். நீ தைத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டையை நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றினாள். அதை எப்படி உன்னிடம் சொல்வது என்றும் கவலை இருந்தது.

வலி இப்போது பரவாயில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துக் கிடக்கின்றன. "பிரஷ் பிடிக்க வருமா டாக்டர்?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியுமாம். அந்தப் பார்க்கலாம் தினமும் என்கூடவே படுத்து என்கூடவே எழுந்திருக்கிறது. பெயிண்டைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

உன் பரீட்சை கெட்டுவிடும் என்றுதான் மறைத்தேன். அது மட்டுமில்லை. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினால், நான் அப்படியே இருந்துவிடுவேனோ என்று ஒரு பயம்.

வா என்றும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அது உன் வேலை.

விழுந்தது ஆஸ்பத்திரி வாசலிலேயே, ஆட்டோ தேவைப்படவில்லை. மன்னித்துக்கொள், இது தானாக வந்துவிட்டது.

வீட்டுக்காரன்


மார்ச் 16

என்னங்க,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நம் ஊர்ப் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்தேன். கண்டக்டர், "ஏறும்மா, ஏறாட்டி வழி விடும்மா" என்றார். வழி விட்டேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. நீங்கள் ஸ்பூன் பிடித்துவிட்டீர்கள், இடது கையில் இவ்வளவு பெரிய கடிதம் எழுதிவிட்டீர்கள். நான் வந்தால் முதலில் அந்த ஸ்பூனைத்தான் பிடுங்குவேன் என்று எனக்குத் தெரியும்.

முந்தாநாள் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து மார்க் போட வந்த அம்மா ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஓவியத்துக்குப் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் தும்பி தன் சட்டையைப் போட்டான். பட்டன். நான் கையைப் பின்னால் கட்டினேன். கட்டினேன் என்றால், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து வைத்தேன். நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு பட்டனும் பக்கத்து ஓட்டைக்குள் போகிறது. கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"முடிச்சிட்டியா?" என்றேன்.

"முடிச்சிட்டேன். ஆனா ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றான்.

பின்னால் இருந்த பிடியை இன்னும் இறுக்கினேன். குனிந்து சட்டையைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் தானே கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தான். பாதியில் மணி அடித்துவிட்டது. அந்த அம்மா ஏதோ எழுதி ஏட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேரத்துக்குள் முடிக்கவில்லை என்று பெயில் போடுவார்களோ என்னவோ. முடிவு அடுத்த மாசம்தான்.

பருவம் முடிந்து இருபத்தெட்டாம் தேதி சாயங்காலப் பஸ்ஸில் வருகிறேன். கட்டுப் பிரித்ததும் எழுதுங்கள். உள்ளது உள்ளபடி.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 23

டீச்சரம்மா அவர்களுக்கு,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை வெளுத்து மெலிந்து யாரோ வேற்றாள் கை மாதிரி இருக்கிறது. மோதிர விரல் லேசாக அசைகிறது. சுண்டு விரல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் இருந்த பழைய நாலு இஞ்ச் பிரஷ்ஷை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். நழுவிவிட்டது. மறுபடியும் பிடித்தேன், நழுவியது. டாக்டர் இன்னமும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார். உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

பயம் போகவில்லை. உனக்கும் போயிருக்காது. இனி இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்வோம்.

பெட்டியிலிருந்து பட்டன் வைத்த சட்டை ஒன்றை எடுத்தேன். காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டு. விசில் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "நகருப்பா, நான் போட்டு விடுறேன்" என்றார். "கையைப் பின்னால கட்டுங்கண்ணே, பெயிலாயிடுவீங்க" என்றேன். பாவம், ஒன்றும் புரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் முடிக்கிறவரை பஸ் கிளப்புகிற மாதிரி விசிலடித்துக்கொண்டே இருந்தார்.

இருபத்தெட்டாம் தேதி அந்தச் சட்டையோடுதான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். கோணலாகத்தான் இருக்கும். ஒன்று மிச்சமும் இருக்கும். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் உன் கை பறக்கும், எனக்குத் தெரியும். உன் பையை இடது கையால் நான் வாங்கிக்கொள்கிறேன். வெறும் கையோடு நிற்பாயே, அப்போது இரண்டையும் பின்னால் கட்டிக்கொள்.

பார்த்து எழுதிக்கொள். தொடாதே. வீடு வந்து சேர்வதற்குள் நானே கழற்றி முதலிலிருந்து போடுகிறேனா இல்லையா, பார்.

உன் வீட்டுக்காரன்