ஒரு மணிக்குள் முடியும் பாடங்கள்

மே 6, செவ்வாய்

இந்த அகால நேரத்தில் உன்னைத் திறந்ததற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. ஷாலு தூங்கி, அத்தை தூங்கி, எதிர்வீட்டு டி.வி.யும் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பல்துறை இளங்கலை. கணிதத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, ஷாலு வயிற்றில் வந்ததும் பாதியில் நிறுத்தியவள் நான். இந்த வருஷம் சேர்ந்தால் அந்தப் பழைய பாடங்களை ஒரு வருஷமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். அடுத்த வருஷம் என்றால் எல்லாம் முதலிலிருந்து. அதாவது பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு வரவேற்பு விழாவில் நின்று மறுபடியும் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். செத்தாலும் மாட்டேன்.

ஒரு சிக்கல். இந்தப் படிப்புக்குப் பாடத்திட்டத்தை மாணவரே போட வேண்டும். மூன்று துறைகளிலிருந்து பாடங்களை எடுத்து, மிச்சமிருக்கும் நான்கு பருவத்துக்கும் பிரித்து அடுக்கி, இவை ஏன் ஒன்றாகச் சேர்கின்றன என்று ஒரு பக்கம் எழுதி, ஒருங்கிணைப்பாளர் சுவாமிநாதன் சாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். முப்பதாம் தேதி கடைசி.

என் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோதுகூட யாரும் எனக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்ததில்லை.

மே 8, வியாழன்

ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். டீச்சர் வேலைக்கு ஆவதை எடு என்கிறார் அத்தை. எதை எடுத்தாலும் குரூப் ஃபோர் எழுது என்கிறார் பால் சொசைட்டிக்காரர். இவர், அத்தை பெற்ற என் வீட்டுக்காரர், சத்தீஸ்கரில் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு இருக்கிறார். ஏதோ ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டே, அந்த இரைச்சலுக்கு நடுவே, கம்ப்யூட்டர் படித்தால் ரிக் ஆபீசில் பில் போடலாம் என்று கத்தினார். ஷாலு மட்டும் டான்ஸ் படிக்கச் சொன்னாள். இருப்பதில் அதுதான் உருப்படியான யோசனை.

மே 11, ஞாயிறு

திட்டம் தயார்! என்ன ஒரு மூளை எனக்கு.

கல்லூரிக் கால அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மணிக்கு மேல் போகும் பாடங்களை எல்லாம் அடித்தேன். ஒரு மணிக்கு முடிந்தால்தான் பஸ் பிடித்து மல்லசமுத்திரம் வந்து, இரண்டரைக்கு வரும் ஷாலுவின் ஸ்கூல் வேனுக்கு முக்கில் நிற்க முடியும். அந்த நேரத்தில் அத்தை எருமைப் பாலைக் கறந்து சொசைட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆள் நிற்கவில்லை என்றால் வேன்காரர் குழந்தையை இறக்க மாட்டார், திரும்பக் கொண்டுபோய்விடுவார். டிசம்பரில் ஒருநாள் நான் கொஞ்சம் பிந்தி, அவள் ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள். எனக்குத்தான் இரண்டு நாள் காய்ச்சல். அதற்கு அப்புறம் கனவில்கூட மஞ்சள் வேன்தான் வருகிறது. ஒருமுறைகூட நின்றதில்லை.

அடித்தது போக மிஞ்சியவை: தமிழ் இலக்கியம், கணினிப் பயன்பாடு, உணவியல்.

ஏன் சேர்கின்றன? “மொழி, இயந்திரம், உணவு ஆகியவை மனித வாழ்வின் மூன்று தூண்கள்” என்று ஆரம்பித்து ஒரு பக்கம் நிரப்பிவிட்டேன். அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவள்.

மே 13, செவ்வாய்

அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அனுப்பிவிட்டேன்.

மே 16, வெள்ளி

கேவலம்.

சுவாமிநாதன் சார் என் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். பக்கத்தில் உளவியல் துறை மேடம் ஒருவர். வாசலில் என் முறைக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள், முதுகில் பை, காதில் வயர்.

சார் சொன்னார்: “இந்த மூணு பாடத்தையும் எது சேர்க்குதுன்னு நானும் தேடித்தேடிப் பாத்தேன்மா. பொதுவா ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. மூணும் ஒரு மணிக்கு முடிஞ்சிருது.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எவ்வளவோ சொல்லியிருக்கலாம். “ஆமாங்க சார்” என்றேன். அந்த மேடம் சிரிப்பை அடக்கப் பேனா மூடியைக் கடித்தார்.

சார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பாடத்திலிருந்து ஆரம்பிக்காதே, ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பி என்றார். பதில் எனக்குத் தெரியாத, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரு கேள்வி. அதற்கு எந்தெந்தத் துறை வேண்டுமோ அதை எடு. முப்பதாம் தேதிக்குள் கொண்டுவா. வரவில்லை என்றால் இடம் வேறு ஒருவருக்குப் போகும்.

தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற கேள்வியா? ஷாலு மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாளா, கொட்டினாளா? இதற்கு எந்தத் துறை சார்?

மே 17, சனி

எனக்கு ஒரு கேள்வியுமே இல்லியா? அதெப்புடி? காலேஜ்ல மொத பெஞ்சுல உக்காந்து எந்நேரமும் கைய தூக்கிக்கிட்டு இருந்தவ நான். எங்க போச்சு அதெல்லாம்? இன்னிக்கு பூராவும் நான் கேட்ட கேள்விய எண்ணிப் பாத்தேன். கேஸ் எப்ப வரும், உப்பு போதுமா, ஒண்ணுக்கு வருதா. அவ்வளவுதான்.

மே 19, திங்கள்

அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நானேதான் உளறினேன். திட்டுவார் என்று பார்த்தால், எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூ கேட்டுவிடலாமாம். வெள்ளைப் பூ வந்தால் படிப்பு. செவ்வரளி வந்தால் வீடு.

இரண்டு பொட்டலம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த ஊரில் எத்தனை கல்யாணம், எத்தனை நிலம், எத்தனை ஆபரேஷன் இந்தப் பாதியில் முடிவாகியிருக்கிறது! கணிதம் படித்தவள் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால், எனக்கும் போக ஆசையாக இருந்தது. வெள்ளை வந்தால் நன்றாக இருக்கும் என்று அதற்குள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

மே 23, வெள்ளி

காளியம்மன் கோயில். பூசாரி பூவைக் காகிதத்தில் மடித்து, குலுக்கி, அம்மன் முன்னால் போட்டார். குழந்தை கையால் எடுக்க வேண்டும் என்பது முறை. ஷாலுவை அனுப்பினோம். போனாள். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பூசாரி பொறுமைசாலி. மறுபடி மடித்துப் போட்டார். வெள்ளை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, அம்மாக்காரி பிள்ளைக்குக் கண்ணைக் காட்டியிருப்பாள், இது செல்லாது என்று என்னை வெளியே நிறுத்தினார். மறுபடி போட்டார்கள். அரளி. இப்போது ஒன்றுக்கு ஒன்று. நாலாவது தடவைக்குப் போனால் ஷாலு பொட்டலத்தைப் பிரித்துப் பூவை வாயில் போட்டுக்கொண்டாள். அரளி விஷமாயிற்றே! நான் பாய்ந்து வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். வெள்ளைப் பூதான். ஒன்றுமில்லை. என் உயிர் போய் வந்தது.

“அம்மன் இன்னும் யோசிச்சிட்டு இருக்குது. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க” என்றார் பூசாரி.

அடுத்த வெள்ளிதான் முப்பதாம் தேதி. அம்மனுக்கு இருக்கிற அவகாசம் எனக்கு இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஷாலு அத்தையின் மடியில் தூங்கிப்போனாள். அத்தை சன்னல் வழியே பார்த்துக்கொண்டே, தோட்டத்தில் கடைசியாகப் போர் போட்டபோதும் பூ கேட்டோம், வெள்ளைதான் வந்தது என்றார். எனக்குத் தெரியும். தொள்ளாயிரம் அடி இறக்கியும் தண்ணீர் இல்லை, கல்தூள் புகைதான் வந்தது. இவர் சொந்த ரிக்கிலேயே போட்ட போர் அது. இன்றைக்கும் டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“அப்பறம் எதுக்குங்க அத்தை இன்னும் பூ கேக்கறீங்க?” என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

“கேக்காமச் செஞ்சு கெட்டுப்போச்சுன்னா பழி பூராவும் நம்ம தலையில வுழுகும் அம்முணி. கேட்டுட்டுச் செஞ்சா, அம்மனும் பாதி வாங்கிக்கும்.”

பக்தியில்லாமல் எதுவும் சொல்லவில்லை அவர். கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற குரலில்தான் சொன்னார்.

மே 24, சனி

நேற்று இரவெல்லாம் அதுவேதான். பூவுக்குப் பதில் தெரியும் என்று அத்தை நம்பவே இல்லை! அப்படியென்றால் அவர் கோயிலில் என்னதான் கேட்கிறார்? இவர் தொழிலிலும் அப்படித்தானே. ஒருத்தர் தேங்காயைக் கையில் வைத்து நடந்து, தண்ணீர் இருக்கும் இடம் இதுதான் என்று பாயிண்ட் சொல்கிறார். இன்னொருத்தர் மெஷினோடு வருகிறார். விவசாயி இரண்டு பேருக்கும் காசு கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் சொல்லாத இடத்தில் போர் போடச் சொல்கிறார். இவரே எத்தனை முறை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாது. தெரியாமலே முடிவெடுத்தாக வேண்டும். எப்படி எடுக்கிறார்கள்? பழியை யாரோடெல்லாம் பங்கு போடுகிறார்கள்? எந்த வழியில் எத்தனை தடவை தண்ணீர் வந்திருக்கிறது?

எனக்குத் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் போல இருக்கிறது.

சார், கேள்வி வந்துவிட்டது!

மே 25, ஞாயிறு

புள்ளியியல், உளவியல், நிலவியல். ஏன் சேர்கின்றன என்பதை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு தூண்கூட இல்லை.

மே 26, திங்கள்

சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு நாள். நிலத்தடி நீருக்கான ஆய்வகம் வியாழக்கிழமை மதியம், நாலு மணி வரைக்கும். இரண்டு வருஷமும் ஒற்றைப் பருவத்தில், அதாவது ஜூலையிலிருந்து தீபாவளி வரைக்கும் மட்டுந்தான் நடக்குமாம். அதை விட்டால் நிலவியல் இல்லை. நிலவியல் இல்லாவிட்டால் கேள்வியில் பாதி போச்சு.

வேன் இரண்டரைக்கு.

பேசாமல் உணவியலுக்கே போய்விடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது.

எனக்குத் தெரியுமே.

மே 27, செவ்வாய்

காலையில் தோசை ஊற்றும்போது தோன்றியது. கருகிவிட்டது, பரவாயில்லை. ஜூன் பாதியில் சத்தீஸ்கரில் மழை இறங்கினால் வண்டி காட்டுக்குள் போகாது. ரிக் எல்லாம் ஊருக்கு வந்துவிடும். மறுபடி கிளம்புவது ஆயுத பூஜை முடிந்துதான். அந்த மூன்றரை மாசமும் இவர் பட்டறையில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஆய்வகம் நடப்பதும் அதே மாசங்களில்! ஊரில் எல்லாரும் மழையைப் பார்த்து விதைக்கிறார்கள். நான் பாடத்தைப் போட்டால் என்ன?

அத்தையிடம் சொன்னேன். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே சில வாரம் இடிக்கிறதே என்று நானே இழுத்தேன். அத்தை எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொன்னார்: “அவன் வண்டியேறிப் போனதுக்கப்பறம் நான் பாத்துக்கறேன். சொசைட்டிக்குக் கொஞ்சம் பிந்திப் போனா எரும ஒண்ணும் கோவிச்சுக்காது. ஊட்ல இருக்கற வரைக்கும் அவன் நிக்கட்டும். அவன் பெத்ததுதான?”

வெள்ளிக்கிழமை பூ கேட்கப் போகலாமா என்றேன். அம்மன் பாட்டுக்கு யோசிக்கட்டும் என்றுவிட்டார்.

மே 28, புதன்

இவரிடம் போனில் சொன்னேன். முதலில் சிரிப்பு. “தேங்கா வெச்சுப் பாயிண்ட் பாக்கறவனுக்கெல்லாம் காலேஜ்ல டிகிரி குடுக்கறாங்களா?” அப்புறம் உண்மையிலேயே ஆர்வம் வந்து, அங்கே பெமேதரா பக்கம் ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டுப் பாயிண்ட் சொன்ன கதையை ரொம்ப நேரம் சொன்னார். நல்ல கதை. கேள்வியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வேன் பேச்சை எடுத்தேன். “அதெல்லாம் பாத்துக்கலாம் தனம்.”

பாத்துக்கலாம். இந்த வார்த்தைக்குள் போய் விழுந்தவற்றை நான் அறிவேன்: பாத்ரூம் கதவு, ஷாலுவின் காதுகுத்து, ஏற்காடு. எனக்கும் பதிலுக்குச் சிரிக்கத்தான் வந்தது, பழக்கதோஷம். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஏன் சிரித்தேன் என்று என்னையே அறையலாம் போலிருந்தது.

மே 29, வியாழன்

பாடத்திட்டத்தைச் சுத்தமாக எழுதிவிட்டேன். நிலவியல் ஆய்வகமும் அதில் இருக்கிறது. வியாழன், நாலு மணி வரை. நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இவருக்கு நேராகப் போனில் தட்டினால் குழைந்துவிடுவேன். நடுவில் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு எல்லாவற்றையும் விளையாட்டாக ஆக்கிவிடுவேன். அதனால் முதலில் இங்கே எழுதுகிறேன். இதையே, ஒரு சொல்லும் மாற்றாமல், இப்போதே அனுப்பப் போகிறேன்.

ஏனுங்க, நாளைக்குக் காலைல பாடத்திட்டத்தைக் குடுக்கறேன். நிலவியல் எடுத்துட்டேன். அதுக்கு ஜூலையில இருந்து வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வர அஞ்சு மணிக்கு மேல ஆகும். ஷாலு வேன் இரண்டரைக்கு முக்குக்கு வரும். ஆள் இல்லைன்னா இறக்க மாட்டாங்க. நீங்க ஊர்ல இருக்கற வரைக்கும் அந்த ஒரு நாள் நீங்க போய் நிக்கணும். நீங்க கிளம்பினப்பறம் அத்தை பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நான் படிக்கட்டுமான்னு உங்களைக் கேக்கலை. வியாழக்கிழமை வேனுக்கு நிப்பீங்களா, அதை மட்டுந்தான் கேக்கறேன். நிக்கறேன், இல்லை, இரண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.