குடைக்காரனும் பச்சைக் கவுனும்

12.7.86, சனி

நெடுங்காட்டில் ஓயாத காற்று. வாசல் முழுக்கப் புழுதி, பெருக்கி மாளவில்லை. வாங்க: சர்க்கரை, மண்ணெண்ணெய், ஊக்கு.

மாலை எதிர்வீட்டு சாரதா வீட்டில் டிவி. ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினால் இலங்கை தெரிகிறது. கார்ட்டூன். ஒரு நெட்டைக் குடைக்காரன். பேச்சு கிடையாது. குதிகால் தரையில் படாத நடை. எப்போதும் அதே கட்டம் போட்ட சட்டை. கோப்பைகளை வரிசையாக அடுக்குகிறான். யாராவது ஒன்றை நகர்த்தினால் திரும்ப அதே இடத்தில் வைக்கிறான்.

கல்யாணிக்கு ஏழு வயது. இவ்வளவு நேரம் என் மகள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

சாரதா: "அட, இது நம்ம கல்யாணிதான்டி! புளியங்கொட்டைய அடுக்குறாளே, அதே மாதிரி."

நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவன் தொப்பி குளத்தில் விழுந்தது. யோசிக்கவே இல்லை, நேராகத் தண்ணீருக்குள் நடந்தான். தலை மறைந்தது. குமிழி. கூடமே சிரித்தது. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மணி அண்ணன்.

14.7.86, திங்கள்

பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. பிள்ளைகள் தப்பாகச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை.

மணியும் அப்படித்தான் நடப்பான். பேச்சு வரவில்லை. ஒரே ஒரு நீலச் சட்டை, வேறு எதையும் போடவிடமாட்டான். அவனுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது. சனி பிடித்திருக்கிறது என்று திருநள்ளாற்றுக்கு அழைத்துப்போனார்கள். அப்போது எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நளன் குளத்தில் முழுக்கு. உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும், அதுதான் வழக்கம். விட்டார்கள். மறுநாள் விடியும்போது பாயில் ஆள் இல்லை. குளத்தில் கிடைத்தான்.

"சனி கொண்டு போயிடுச்சு" என்றார் அப்பா. இருபது வருஷமாக நானும் அதையே நம்பினேன்.

சட்டையை எடுக்கப் போயிருக்கிறான். வேறொன்றும் இல்லை.

16.7.86, புதன்

அரைநாள் லீவு. காரைக்கால். குழந்தை டாக்டரம்மா சின்ன வயசு. கல்யாணியோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஆட்டிசம் என்றார். யார் குற்றமும் இல்லையாம். புரிந்தது பாதி, புரியாதது பாதி.

அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். "டிவியில ஒரு குடைக்காரன் வர்றான் டாக்டர். அவனுக்கும் இதுதானா?"

சிரிக்கவில்லை. "பொம்மையச் சோதிச்சுப் பாக்க முடியாதுங்களே. ஆனா வரைஞ்சவங்க இந்த மாதிரி யாரையோ கிட்ட இருந்து பாத்திருக்கலாம்."

பஸ்ஸில் யோசனை. மணியையும் இனிச் சோதிக்க முடியாது. எனக்குள் இருக்கிற ஒரு படம்தான் அவன். குடைக்காரனுக்கு அந்தப் பேரை வைக்கலாம் என்றால் மணிக்கும் வைக்கலாம். வைத்துவிட்டேன். அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

17.7.86, வியாழன்

ஆடி பிறந்தது. இவருடைய அக்கா வந்திருக்கிறார்.

"சனிக்கிழமை திருநள்ளாறு. கல்யாணிக்கு முழுக்கு. புதுப் பாவாடை எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அவ பச்சைக் கவுனத் தவிர எதையும் போடமாட்டா அண்ணி."

"அந்தக் கவுன்லதான்டி பீடை. அத அங்கயே விட்டுட்டு வரணும்."

இவரிடம் மணி கதையைச் சொன்னேன், டாக்டர் சொன்னதையும். "டாக்டரையும் பாப்போம், சாமியையும் பாப்போம். அக்கா மனசு நோகக் கூடாது." தலையை ஆட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

கவுன் கொடியில். அது காயும்வரை கல்யாணி அடியிலேயே நிற்பாள். இருட்டுகிற நேரத்தில் அது நீலமாகத் தெரிந்தது. கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்தேன். பச்சைதான்.

19.7.86, சனி

திருநள்ளாறு. நல்லெண்ணெய் வாடை, படியெல்லாம் வழுக்கல், தண்ணீரில் யார் யாரோ விட்டுப்போன துணிகள். முழுக்காட்டி, அண்ணி கவுனைக் கழற்றிக் குளத்தில் விட்டார். கல்யாணி அழவில்லை. அது விலகிப் போவதையே பார்த்தாள். ஒரு படி இறங்கினாள். இன்னொன்று. குதிகால் படவில்லை.

அவளை இழுத்து இவர் கையில் கொடுத்துவிட்டு, புடவையோடு இறங்கினேன். கவுனைப் பிடித்துப் பிழிந்து அங்கேயே அவளுக்குப் போட்டேன்.

"அடிப் பாவி! விட்ட சனியக் கையோட எடுத்துக்கிட்டு வர்றியே!" சுற்றி நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"வரட்டும் அண்ணி. வீட்ல எடம் இருக்கு."

இவர் பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மாலை டிவி. குடைக்காரன் வந்தான், அதே தொப்பி, காய்ந்த சட்டை. குளத்துக்குள் போனதற்கு ஒரு அடையாளமும் இல்லை. படத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு வசதி.

20.7.86, ஞாயிறு

அண்ணி காலையிலேயே கிளம்பிவிட்டார். சொல்லிக்கொள்ளவில்லை. கவுனை இரண்டு முறை துவைத்தும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. கல்யாணி கொடியடியில்.

இவர் வாசற்படியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், எழவில்லை. பிறகு கேட்டார்: "ஒங்க அண்ணன் சட்ட கெடச்சுதா?"

"கெடச்சுது. கையில சுருட்டிப் புடிச்சிருந்தான். விரலப் பிரிச்சு எடுத்து, திரும்பவும் கொளத்துலயே போட்டாங்க."