ஒப்பிட ஒரு பாட்டில் நல்ல தண்ணீர்

என்னங்க,

நேரில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் இதை உங்கள் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் நாளைய பள்ளிக் கண்காட்சிக்காகத் தண்ணீரைச் சோதிக்கும் கருவி செய்தார்கள் இல்லையா? முதலில் குட்டைத் தண்ணீரைச் சோதித்தார்கள்; கெட்ட தண்ணீர் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று நம் வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துப் போனார்கள். "குடிநீர் இன்ஜினியர் வீட்டுத் தண்ணியவிட நல்ல தண்ணி எங்க டீச்சர் கிடைக்கும்?"

அதற்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. பாவம், கருவிதான் கெட்டுவிட்டது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டினார்கள். மறுபடியும் சிவப்பு.

நேற்று ஹெட்மாஸ்டருக்குப் போன் செய்து, கருவி பழுது, கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்றீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

போன மாதத்திலிருந்து நம் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வருகிறது. ருசிக்காக என்றீர்கள், நானும் நம்பினேன். அந்தப் பிள்ளைகள் வீட்டில் இன்னும் குழாய்த் தண்ணீர்தான்.

நாளை கருவி மேசைமேல் இருக்கும். பழுது என்றால் நீங்களே வந்து சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால், அவர்கள் பார்க்க ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.

டம்ளரை நான் கொண்டுவருகிறேன்.

உங்கள் வீட்டு டீச்சர்