மன்னித்தோம்

அம்மா,

இல்லை, நான் சொல்லவில்லை. உன் சார்பில் அதைச் சொல்லத்தான் என்னை இஸ்தான்புல்லுக்கு அனுப்பினாய். தெரியும்.

பள்ளிவாசல் முற்றத்தில் அப்பாவின் சவப்பெட்டிமேல் அவர் கிட்டாரை வைத்திருந்தார்கள். ரசிகர்கள் தெருவரை நின்று "கொராய், கொராய்" என்று அழுதார்கள். இமாம் அந்த ஊர் இறுதிச் சடங்கு வழக்கப்படி மூன்று முறை கேட்டார்: "இவர் உங்களுக்கு ஏதாவது தீங்கு செஞ்சிருந்தா மன்னிச்சிட்டீங்களா?" மூன்று முறையும் கச்சேரியில் கத்துவதுபோலவே கத்தினார்கள்: "மன்னிச்சிட்டோம்!" அவர்களுக்கு மன்னிக்க என்ன இருந்தது?

பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் தோளைத் தட்டினாள். கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"ஏன்க்கா வாயே தொறக்கல? கொராய் அண்ணன் உங்களுக்கு என்ன பாக்கி வெச்சாரு?"

"எங்கம்மாவோட இடது காது."

அவள் அழுகையை நிறுத்தினாள். "அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லையே! எந்த ஆல்பம்க்கா?"

"வெளிய வரல. வீட்டுல மட்டும் வாசிச்சது."

"குடுத்துவெச்சவங்க நீங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள்.

நீ மன்னித்துவிட்டாய் என்றால், அதை நீயே வந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. அவர் உன்னை அறைந்த சத்தமும் இன்னும் கேட்கிறது.

அவள் கைகளை விலக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கும் முன்பே படகேறி நீரிணையின் அக்கரைக்கு வந்துவிட்டேன்.

உன் மகள்