வெள்ளைத் தாளுக்குள் இருந்த கிண்ணம்

அக்டோபர் 6, திங்கள்

இன்று முழுக்க பல்புதான் உடைத்தோம். ஒகினோ மேலிருந்து விடுவார், நான் கேமராவைப் பார்த்துக்கொள்வேன். பொருட்களை உடைத்து ஸ்லோ மோஷனில் படமெடுத்துப் போடும் எங்கள் ஸ்டுடியோவில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர்தான், அதிலும் அவர் முதலாளி.

ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். பல்பு தரையைத் தொட்டதுமே விரிசல் கண்ணாடி முழுக்கப் பரவிவிடுகிறது. ஆனாலும் கொஞ்ச நேரம் பல்பு பல்பாகவே நிற்கிறது. உடைந்தாகிவிட்டது, அதற்குத்தான் இன்னும் தெரியவில்லை.

சனங்கள் இதைத்தான் பார்க்கிறார்களா? 'வேலை முடிந்து வந்து இதைப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது' என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரு தட்டு உடைந்தால் அன்றைக்கு முழுக்க எரிச்சல். அதே தட்டு திரையில் உடைந்தால், அடுத்த தட்டு எங்கே என்று கேட்கிறோம். ஏன்?

ஒகினோவிடம் கேட்டேன். "பெருக்குற வேலை நமக்கு இல்லல்ல, அதான்" என்றார்.

பெருக்குவது நான்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணா போன் செய்தார். அம்மா மறுபடியும் மாட்டேன் என்றுவிட்டாளாம். இதய வால்வு ஆபரேஷன். பனி விழுவதற்குள் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நீ சொன்னா கேப்பா, போய்ச் சொல்லு" என்கிறார் அண்ணா. நான் சொல்லி அம்மா எதைக் கேட்டிருக்கிறாள்?

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா இருக்கும் நாகஹாமாவுக்குப் போய் வந்தேன்.

அம்மா இளைத்துவிட்டாள். அடுப்படியிலிருந்து மேசைக்கு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. சூப்புக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு முள்ளங்கி ஊறுகாயோடு சாப்பிட்டாள். "ஏம்மா, உன் சிவப்புக் கிண்ணம் எங்க?" என்றேன். "இதுதான் கைக்கு லேசா இருக்கு" என்றாள்.

"ஆபரேஷன்னா பயமா?"

"பயமென்ன பயம். உன்னையும் உங்க அண்ணனையும் பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு பயமா?"

"அப்புறம் என்னதான்?"

"ஆஸ்பத்திரின்னா அங்கயே தங்கணும். எனக்கு இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்தாகணும்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. யோசித்துப் பார்த்தால் அப்பா இறந்த வசந்தத்திலிருந்து அம்மா ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கவில்லை. அண்ணன் வீட்டில்கூட. ஏன்?

அக்டோபர் 14, செவ்வாய்

மதியம் நூடுல்ஸ் சாப்பிடும்போது ஒகினோ கேட்டார்: "கயோ, நாம உடைக்கிறது எல்லாமே நாடகம். நெஜமா உடைஞ்சதை எப்பவாவது ஸ்லோ மோஷன்ல எடுத்திருக்கியா?"

இல்லை என்று பொய் சொன்னேன்.

எடுத்திருக்கிறேன். அப்பாவின் சவப்பெட்டி வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று, எங்கள் வழக்கப்படி, அவர் தினமும் சாப்பிட்ட சோற்றுக் கிண்ணத்தை வாசலில் போட்டு உடைத்தோம். இனி உனக்கு இங்கே சோறில்லை, திரும்பிப் பார்க்காமல் போ என்பதற்காக. அம்மா வெள்ளைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அண்ணா வாங்கிக் கல்லில் போட்டார். என் கை தானாகப் போனைத் தூக்கிவிட்டது. தொழில் புத்தி, வேறென்ன! "அப்பா போறாரு, உனக்குப் படம் கேக்குதா? கொஞ்சமாவது விவஸ்தை இருக்கா?" என்று அண்ணா எல்லார் முன்னாலும் கத்தினார். அந்தக் கோபத்தில் அதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பார்க்கலாமா?

அக்டோபர் 15, புதன்

பார்த்தேன். ஸ்டுடியோத் திரையில் போட்டு, ஒகினோ வருவதற்கு முன்னால்.

அண்ணாவின் விரல்கள் விரிகின்றன. தாள் பொட்டலம் இறங்குகிறது. கல்லைத் தொடுகிறது. தாள் மெல்ல ஒரு பக்கம் கிழிந்து வாயைத் திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு துண்டு எட்டிப் பார்க்கிறது.

சிவப்பு.

அப்பாவுடையது நீலம். பெரியது. இரண்டும் கல்யாணத்துக்கு ஜோடியாக வந்தவை: அவருக்கு நீலம், அம்மாவுக்குச் சிறிய சிவப்பு. திரும்பத் திரும்ப ஓட்டினேன். சிவப்புதான். அன்று நேரில் யாருக்கும் தெரியவில்லை. தாளோடு சேர்த்துப் பக்கத்து வீட்டு அம்மா உடனே பெருக்கி எடுத்துவிட்டார்.

ஐயோ அம்மா, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறாய்? தெரிந்து செய்தாயா, கை மாறிப்போனதா?

அக்டோபர் 19, ஞாயிறு

நேராகக் கேட்டுவிட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன். இல்லை.

"தெரிஞ்சுதான்டி குடுத்தேன். அவரோடத உடைச்சா அவரு வரவே மாட்டாரு. அப்ப எனக்கு அது ஒண்ணுதான் தோணிச்சு. என்னோடது உடைஞ்சா என்ன, நான் எங்க போகப்போறேன்னு நெனச்சேன். ராத்திரி அவரு வந்தா வீட்ல ஆள் இருக்கணும்னுதான் எங்கயும் தங்கல." கொஞ்ச நேரம் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரின்னு சொன்னப்புறம்தான் உறைச்சுது. அந்த வாசல்ல உடைஞ்சது யார் கிண்ணம்? அந்தக் கிண்ணத்துக்காரி வெளிய போய்ப் படுத்தா திரும்பி வருவாளா?"

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை. இதையெல்லாம் நம்பாதவள் நான்.  இத்தனை மாதமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாள்!

"அந்தப் படத்தைக் காட்டு" என்றாள்.

காட்டினேன். தாள் வாய் திறக்கும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்து, நிறுத்து. இன்னும் உடையலையே!"

"உடைஞ்சிடுச்சும்மா. விரிசல் பாரு."

"போடி, முழுசாத்தான் இருக்கு. நல்லாப் பாரு."

நல்லாத்தான் பார்த்தேன். கிண்ணம் கிண்ணமாகத்தான் இருந்தது. ஊரார் ஏன் பார்க்கிறார்கள் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேனே. அம்மா திரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதைப் பின்னாடி ஓட்ட முடியுமா?"

ஓட்டினேன். துண்டுகள் கூடின, தாள் மூடிக்கொண்டது, பொட்டலம் எழும்பி அண்ணா கைக்குள் போனது. "உங்க அண்ணன் மூஞ்சியப் பாரு, பழத்தைப் புடிச்ச கொரங்கு மாதிரி!" விழுந்து விழுந்து சிரித்தாள். மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"படத்துல வந்துடுச்சு. நெஜத்துல வரலையே, கயோ."



அக்டோபர் 21, செவ்வாய்

படம் எதற்கும் உதவாது. ஒகினோ இன்று ஒரு தர்பூசணியை உடைத்தார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

அம்மா தானாகப் போன் செய்தாள். "உங்க அண்ணனையும் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம வா. தப்பா நடந்ததைச் சரி பண்ணணும்."

"எப்படிம்மா?"

"அவர் கிண்ணம் அலமாரில பின்னால இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

அண்ணாவுக்கு ரயிலடியிலேயே விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். வாசலுக்கு வந்ததும், "நான் உடைச்சது அம்மாவோடதா?" என்று மட்டும் கேட்டார். 

அம்மா உடுத்தித் தயாராக நின்றாள். இரண்டு கையிலும் நீலக் கிண்ணம். தாள் சுற்றவில்லை. அண்ணா கை நீட்டினார், கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "கேமரா வேண்டாம்" என்றாள். நான் கொண்டு போகவுமில்லை.

கிண்ணத்தைப் பார்த்துப் பேசினாள். "தெனமும் 'போயிட்டு வாங்க'ன்னுதான் சொல்லி அனுப்புவேன். அன்னிக்கும் மனசுல அதையேதான் சொன்னேன். நான் இருக்கணும், எனக்கு இன்னும் இருக்கணும்னு இருக்கு. அதனால நீங்க போங்க."

போட்டாள்.

நான் கண்ணைச் சிமிட்டிவிட்டேன். எத்தனை ஆயிரம் பொருள் உடைவதைப் பார்த்த கண்! இதைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கல்லில் நீலத் துண்டுகள் கிடந்தன. சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் கேமராவில் சத்தம் பதியாது, ஒகினோதான் பிறகு 'கலீர்' என்று நீளமாகச் சேர்ப்பார். நிஜத்தில் அப்படி இல்லை. சின்னதாக, மொட்டையாக, ஒரே ஒரு சத்தம்.

அண்ணா குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டே பெருக்கினார். "ஓரத்துலயும் கெடக்கு பாரு" என்றாள் அம்மா.

நவம்பர் 5, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புறப்படும்போது அம்மா கதவைப் பூட்டிவிட்டு, ஆளில்லாத வீட்டைப் பார்த்துச் சத்தமாக, "போயிட்டு வரேன்" என்றாள்.

நவம்பர் 7, வெள்ளி

ஆபரேஷன். எழுத முடியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

முதல் பனி. அம்மாவை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மெதுவாகத்தான் நடக்கிறாள், ஆனால் மூச்சு வாங்கவில்லை.

காலையில் அவளுக்குக் கிண்ணம் வாங்கக் கடைக்குப் போனேன். பழையது போலவே சிறியதாக, சிவப்பாக ஒன்று எடுத்துக் கடையிலிருந்தே வீடியோ காலில் காட்டினேன். "அதென்ன, எனக்குன்னா மட்டும் சின்னது? அந்தப் பெருசைக் காட்டு" என்றாள்.

மதியம் அதில் நிறையச் சோறு போட்டுக் கொடுத்தேன். முடித்துவிட்டு, மறுபடியும் கிண்ணத்தை நீட்டினாள்.