தலைக்குதிரையின் மணி

ஹவுசேன்,
பெருநோன்பின் இரண்டாம் வாரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் கிதானு அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் அட்ஸ்பெஹா வணங்கி எழுதுவது. பேரரசரின் படையோடு மலை ஏறியிருக்கும் நீங்களும் உங்கள் ஆட்களும் நலமா? இங்கே உயிரோடு இருக்கிறோம். சந்தை பாதிதான் கூடுகிறது. பார்லி முழுவதும் படைக்குப் போய்விட்டது. நோன்பு என்பதால் கறி இல்லாத குறை மட்டும் தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சென்ற ஆண்டு, சண்டை வரும் என்று யாரும் நம்பாத நாளில், என் பதினொரு கோவேறு கழுதைகளை அதிகிராத் கோட்டை இத்தாலியர்களுக்கு வாடகைக்கு விட்டேன். கழுத்தில் மணியோடு முன்னே நடக்கும் தலைக்குதிரையைத் தரவில்லை. அவள் மணிச்சத்தத்துக்குத்தான் கழுதைகள் பழகியவை. அவளை என்னோடு வைத்துக்கொண்டால் என்றைக்கும் பேரம் என் கையில் என்று கணக்குப் போட்டேன். அவள் இல்லாமல் அவை நகர மறுத்தன. "அப்ப அதுங்க பேச்சுக் கேக்குற ஆளையாவது அனுப்பு" என்றார்கள். பெர்ஹேயை அனுப்பினேன். குதிரையைக் கொடுத்திருந்தால் மகன் வீட்டில் இருந்திருப்பான்.

நம் பேரரசரோடு சண்டை மூண்டதும் அவர்கள் யாரையும் கோட்டையை விட்டு வெளியே விடவில்லை. உங்கள் தங்கை லெத்தாய் மூன்று மாதமாக என்னிடம் ஒரே வாக்கியம்தான் பேசுகிறாள்: "பதினோரு கழுதையோட பன்னெண்டாவதா என் புள்ளையையும் வாடகைக்கு விட்டுட்டியேய்யா!"

நோன்பில் நாம் தொடாத முட்டைகளை அவர்கள் முகாமில் விற்றுவரும் கெனெட் நேற்று வந்தாள். பெர்ஹேயைக் கண்ணால் பார்த்தாளாம். தினமும் விடிந்ததும் இரண்டு காவலர்களோடு கழுதைகளை ஓடைக்கு ஓட்டி வருகிறானாம். அவர்கள் கொடுத்த சட்டையைப் போட்டிருக்கிறானாம். "எதிர்மேட்டுல நம்மாளுங்க பதுங்கியிருக்காங்க. தண்ணிக்கு வர்றவன் எவனையும் விடுறதில்ல" என்றாள். அந்த எதிர்மேட்டில் இருப்பது உங்கள் ஆட்கள்தான் என்றும் சொன்னாள். அப்போதிருந்து என்னால் உட்கார முடியவில்லை.

நம் ஊர்க் குருவானவரோடு தலைக்குதிரையை அனுப்பியிருக்கிறேன். நானே வந்திருப்பேன், ஆனால் அந்நியனுக்குக் கழுதை கொடுத்தவன் என்று உங்கள் முகாமில் கட்டிப்போடுவார்கள். மேட்டின் பின்புறம் அவளை நிறுத்தி மணியை அசையுங்கள். கழுதைகள் தும்பை அறுத்துக்கொண்டு மேடேறும். அவையும் அவற்றின் மேல் இருப்பதும் உங்களுக்கே, ஒன்றுகூட எனக்கு வேண்டாம். மேடேறும்போது நாம் செய்வதுபோல, கடைசிக் கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வருவான். மணியை அவனும் அறிவான்.

உங்கள் ஆட்களிடம் சட்டையைப் பார்க்காதீர்கள் என்று சொல்லுங்கள். வாலைப் பிடித்த கையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை சொல்லுங்கள். பசியில் இருப்பவனுக்கு ஒருமுறை சொன்னால் காதில் ஏறாது.

வழியில் ஒலிக்காதிருக்க மணியின் நாக்கை லெத்தாய் தன் போர்வையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறாள். முடிச்சு இறுக்கமாக இருக்கும். அறுக்காமல் அவிழ்த்து, அந்தத் துணியைத் திருப்பி அனுப்புங்கள். அவனிடமே கொடுத்தனுப்புங்கள்.

மாதா உங்கள் துப்பாக்கிகளுக்கு நல்ல குறி தரட்டும். கடைசியாக வருகிறவன் மேல் மட்டும் அது தவறட்டும்.

உங்கள் தங்கை வாசலிலேயே நிற்கிறாள்.

பணிவுடன்,
அட்ஸ்பெஹா