சுவர்ப் பக்கம் உன் சோலி

உன் டிரில் மிஷின் பெட்டியை இன்றைக்குத் திறந்தபோதும் தைல வாடை முகத்தில் அடித்தது. குளிருக்கு முட்டியில் தேய்த்த கையோடு எல்லாவற்றையும் எடுத்தெடுத்து, பெட்டிக்கே சளி பிடித்தது போல ஆக்கி வைத்திருக்கிறாய். மூடிவிட்டுப் போகத் தோன்றியது. முடியாது. நாளை மறுநாள் உன் மகளுக்கு வகுப்பு தொடங்குகிறது.

அந்த வகுப்பறை உனக்குத் தெரியும். கல் சுவர், தகரக் கூரை. டீச்சர் ஒரு சொல் சொன்னால் நாலாகத் திரும்புகிறது. காதில் மிஷின் மாட்டிய பிள்ளைக்கு அது வெறும் இரைச்சல். இந்த வருடமும் பாடம் கேட்காவிட்டால் மதுரையில் காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "லீவுல நாங்க ரெண்டு பேரும் பேனல் மாட்டித் தாரோம் டீச்சர், சத்தம் அடங்கிரும்" என்று வாக்குக் கொடுத்தவன் நீ. கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பத்து பேனல். சட்டத்தில் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சை வைத்து, துணியை இழுத்துப் போர்த்தி, முதுகில் அலுமினியப் பட்டை அடிப்பது எப்போதும் என் சோலி. சுவரில் பட்டை அடிப்பது உன் சோலி. சேர்ந்து வேலை பார்த்த ஐந்து வருடத்தில் ஒருத்தன் பாதியில் மற்றவன் கை வைத்ததில்லை. பட்டையில் பட்டை கொக்கியாக மாட்டிக்கொண்டால் ஒரு திருகுகூடக் கண்ணில் படாது. ரசமட்டத்தை நீ திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பாய். "வெரசா அடிடா" என்று கத்துவேன். "ஏலே டிப்ளமோ, சுவரு எங்கயும் ஓடாது. பொத்திக்கிட்டு இரு" என்று என் படிப்பைக் குத்துவாய்.

நேற்று நானே சுவரில் அடித்தேன். கல்லில் நாற்பது துளை. முதல் பேனலை மாட்டினேன். வழுக்கி என் காலில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பிறகுதான் பார்த்தேன். பேனல் பட்டையின் வாய் கீழே பார்க்கும். அதை ஏந்திக்கொள்ளச் சுவர்ப் பட்டையின் வாய் மேலே பார்க்க வேண்டும். பழகிய கை எல்லாவற்றையும் கீழே பார்க்க அடித்திருந்தது. தரையில் உட்கார்ந்து உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

டீ கொண்டுவந்த உன் மனைவி காதில் அது விழுந்துவிட்டது.

"அவரத் திட்டுனா பட்டை தானா திரும்பிக்கிருமா தம்பி? கழட்டுங்க."

கழற்றித் திருப்பி அடிக்க இன்று சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு முனையை மதினி பிடித்தார், மறு முனையை நான். பேனல் தலைக்கு மேலே நின்றபோது என் வாய் நிற்கவில்லை. இந்தப் பட்டைகளைப் பழனியில் வாங்கிக்கொண்டு நீ மூடுபனியில் மலை ஏறி வந்த அன்று, எங்கே இருக்கிறாய் என்று போன் அடித்தவன் நான். அதை எடுக்கத்தான் வளைவில் வண்டியை ஓரம் கட்டினாய். பின்னால் வந்த லாரிக்காரனுக்கு நீ தெரியவில்லை.

"மதினி, அன்னைக்கு அந்தப் போனு நான் பண்ணது."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "தெரியும். ஆஸ்பத்திரில அவரு போன என் கையிலதான குடுத்தாங்க. கடைசியா ஒங்க பேருதான் கெடந்துச்சு." மூச்சு வாங்கினார். "கை கடுக்குது தம்பி. தூக்குங்க."

தூக்கினோம். பேனல் பட்டையில் உட்கார்ந்தது.

மன்னித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒன்பது பேனல் கிடக்கிறது. ஒற்றை ஆளால் ஒன்றைக்கூட ஏற்ற முடியாது. நாளை வெள்ளனே வருகிறேன் என்று மதினி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வர வேண்டும்.